வண்டிய எறக்கப் போறீங்களா? அலைன்மென்ட்ட பத்தி மொதல்ல பேசிருவோம்

வண்டி உயரத்த கொறைக்கற லோயரிங் ஸ்பிரிங் வந்தாச்சு, சனிக்கிழமை மாட்டறோம், ஞாயித்துக்கிழமை போட்டோ எடுக்கறோம்னு ப்ளான் எல்லாம் பக்காவா இருக்கும், வீல் நிக்கற கோணத்த சரி பண்ற அலைன்மென்ட் எப்பன்னு கேட்டா மட்டும் "அது டயர் கடையில பண்ணிக்கலாம் ப்ரோ"ன்னு ஒரு பதில் வரும். பண்ணிக்கலாம்தான். ஆனா எப்ப பண்ணணும், எத்தன தடவ பண்ணணும், கடைக்காரர்கிட்ட என்ன கேக்கணும்னு தெரியாம போனா, முன் டயர் ரெண்டும் உள்பக்கமா மொட்டையாகி கம்பி எட்டிப் பாக்கற வரைக்கும் உங்களுக்குத் தெரியவே தெரியாது, ஏன்னா வெளிய நின்னு பாத்தா டயர் நல்லாத்தான் இருக்கும்.

இதுல உதாரணத்துக்கு 2018-ல வந்த ஸ்விஃப்ட்ட எடுத்துக்கறேன். நம்ம ஊர்ல அதிகமா எறக்கற வண்டிகள்ல அதுவும் ஒண்ணு, அதோட முன்னாடி மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒண்ணா சேந்த தூண்), பின்னாடி டார்ஷன் பீம் (ரெண்டு பின் வீலையும் சேக்கற ஒரே உத்தரம்), இதே அமைப்புதான் ஐ20, போலோ, ஹோண்டா சிட்டி எல்லாத்துக்கும், அதனால இங்க சொல்றது பெரும்பாலும் அதுக்கும் ஒத்து வரும். ஈபாக், ஹெச்&ஆர், கோப்ரான்னு எந்த ஸ்பிரிங்கா இருந்தாலும் சரி, உயரத்த மாத்திக்கற வசதியோட ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேந்து வர்ற காயில்ஓவரா இருந்தாலும் சரி. ஒண்ணு மட்டும், பட்டறையில கம்பெனி ஸ்பிரிங்கையே ரெண்டு சுத்து வெட்டி எறக்கறவங்களுக்கு இந்தக் கட்டுரை இல்ல. வெட்டுன ஸ்பிரிங் பள்ளத்துல வீல் தொங்கும்போது சீட்ட விட்டு நகரும், அதுக்கு மேல எந்த அலைன்மென்ட்டும் நிக்காது.

சட்டத்தையும் இங்கயே சொல்லிடறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 52-ஆவது பிரிவு, ஆர்சில இருக்கற விவரம் கம்பெனி ஸ்பெக்ல இருந்து மாறுற மாதிரி வண்டிய மாத்தக் கூடாதுங்குது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அத உறுதிப்படுத்திருச்சு. க்ளெய்ம்னு வரும்போது இன்சூரன்ஸ்காரங்களும் இதத் தோண்டலாம். தெரிஞ்சுக்கிட்டு எறங்குங்க.

எறக்குனா உள்ள என்ன மாறுது

மூணு கோணம்தான். கேம்பர்னா வண்டிக்கு முன்னாடி நின்னு பாக்கும்போது டயரோட மேல்பக்கம் உள்ள சாஞ்சிருக்கா வெளிய சாஞ்சிருக்காங்கறது, உள்ள சாஞ்சா நெகட்டிவ். டோ-ன்னா மேல இருந்து பாத்தா ரெண்டு டயரோட முன்பக்கமும் ஒண்ண ஒண்ணு பாத்து உள்ள திரும்பியிருக்கா, அது டோ-இன், வெளிய திரும்பியிருந்தா டோ-அவுட். கேஸ்டர் பக்கவாட்டுல பாக்கறது, ஸ்டீயரிங் திரும்பற அச்சு பின்னாடி எவ்ளோ சாஞ்சிருக்குங்கறது, ஸ்டீயரிங் தானா நேர்க்கோட்டுக்குத் திரும்பி வர்றதுக்கு இதுதான் காரணம்.

பாடி கீழ வரும்போது என்ன ஆகுதுன்னு பாப்போம். வீல கீழ இருந்து புடிக்கற லோயர் ஆர்ம் ஒரு முனையில சப்ஃப்ரேம்ல (பாடிக்கு அடியில இருக்கற சட்டம்) மாட்டியிருக்கு, இன்னொரு முனை பால் ஜாயின்ட் வழியா நக்கிள்ல (வீல் ஹப்ப தாங்கற துண்டு) மாட்டியிருக்கு. கம்பெனி உயரத்துல அது வெளிப்பக்கமா கொஞ்சம் கீழ சாஞ்சிருக்கும். எறக்க எறக்க அது படுக்கைக்கு வரும், பால் ஜாயின்ட் வெளிய தள்ளப்படும், டயரோட அடிப்பக்கம் வெளிய போகும், அதாவது நெகட்டிவ் கேம்பர் ஏறும். இது வரைக்கும் நல்லதுதான், வளைவுல கிரிப் கூட கிடைக்கும். ஆனா இன்னும் எறக்கி ஆர்ம் படுக்கையத் தாண்டி வெளிமுனை மேல ஏறிருச்சுன்னா பால் ஜாயின்ட் திரும்ப உள்ள இழுபட ஆரம்பிக்கும், அப்ப வளைவுல வண்டி சாயும்போது கேம்பர் நமக்கு எதிரா வேல செய்யும், ரோல் சென்டரும் (வளைவுல பாடி எத மையமா வெச்சு சாயுதோ அந்தப் புள்ளி) வண்டியோட எடை மையத்த விட வேகமா கீழ போயிரும். 60 எம்எம் எறக்குன வண்டி 30 எம்எம் எறக்குன வண்டிய விட கேவலமா திரும்பறதுக்கு இதான் காரணம், "எறக்குனா ஹேண்ட்லிங் கூடும்"னு சொல்றது ஒரு அளவு வரைக்கும்தான் உண்மை.

டோ கதை வேற. ஸ்டீயரிங்ல இருந்து வீல திருப்பற டை ராடும் லோயர் ஆர்மும் வேற வேற நீளம், வேற வேற இடத்துல மாட்டியிருக்கு, அதனால வண்டி கீழ எறங்கும்போது ரெண்டும் ஒரே வளைவுல போகாது, அந்த வித்தியாசம் நக்கிள லேசா திருப்பி விட்டுரும். டோ-இன் ஆகுமா அவுட் ஆகுமாங்கறது வண்டிக்கு வண்டி மாறும், மாறாம மட்டும் இருக்காது.

இப்ப இதுல எது டயர திங்குது? எல்லாரும் கேம்பர்னு நெனப்பாங்க, ஏன்னா அதான் கண்ணுக்குத் தெரியுது. நெஜத்துல டோ தான். ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க. ஸ்விஃப்ட்டோட 185/65 ஆர்15 டயர் விட்டம் கிட்டத்தட்ட 620 எம்எம். அந்த நீளத்துக்கு ஒரு வீல் வெறும் 1 எம்எம் திரும்பியிருந்தா, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் ஒன்றரை மீட்டருக்கு மேல பக்கவாட்டுல தேய்ஞ்சுக்கிட்டே போகுதுன்னு அர்த்தம். சென்னையில கிளம்பி மதுர போய்ச் சேர்றதுக்குள்ள முக்கால் கிலோமீட்டர் தூரம் டயர ரோட்டுல சைடா இழுத்த கணக்கு. அதுவும் 1 எம்எம்க்கு. எறக்குன அன்னிக்கு 4, 5 எம்எம் டோ மாறியிருக்கற வண்டியெல்லாம் சாதாரணம். கேம்பர் ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி நெகட்டிவ்ல இருந்தா உள்பக்கம் கொஞ்சம் கூட தேயும், அவ்ளோதான், ஆனா அந்தக் கேம்பரோட தப்பான டோவும் சேந்துச்சுன்னா தேய்மானம் முழுக்க உள் ஓரத்துலயே விழும், பாக்கறவங்க பழிய கேம்பர் மேல போட்டுருவாங்க.

மாட்டறதுக்கு முன்னாடி

வண்டி கம்பெனி உயரத்துல இருக்கும்போதே ஒரு அலைன்மென்ட் ரிப்போர்ட் ப்ரின்ட் எடுத்து வெச்சுக்கோங்க. எதுவும் அட்ஜஸ்ட் பண்ண வேண்டாம், சும்மா ரீடிங் போதும். பின்னாடி ஒரு பக்கம் கேம்பர் வித்தியாசமா காட்டுச்சுன்னா அது ஸ்பிரிங்னால வந்ததா இல்ல முன்னாடியே பள்ளத்துல விட்டு வளைஞ்சு போனதான்னு அந்தப் பேப்பர்தான் சொல்லும். அப்படியே பால் ஜாயின்ட், டை ராடு எண்டு, லோயர் ஆர்ம் புஷ் (ஆர்ம் மாட்டற இடத்து ரப்பர்), ஸ்ட்ரட் மவுன்ட் பேரிங் எல்லாம் ஆட்டிப் பாத்துருங்க. ஆட்டம் இருக்கற ஜாயின்ட்ட வெச்சுக்கிட்டு அலைன்மென்ட் பண்றது காசுக்குப் புடிச்ச கேடு, மெஷின்ல ஒண்ணு காட்டும், ரோட்டுல ஒண்ணு நடக்கும். எப்படியும் ஸ்ட்ரட்ட கழட்டறீங்க, மவுன்ட் பேரிங்கையும் பம்ப் ஸ்டாப்பையும் (ஷாக் அடியில போய் இடிக்காம தடுக்கற ரப்பர்) அப்பவே மாத்திருங்க, ரெண்டு தடவ லேபர் மிச்சம்.

இன்னொண்ணு, வீட்டுல கார் பார்க்கிங் தரையில நிறுத்தி நாலு மூலையும் உயரம் அளந்து எழுதிக்கோங்க. தரையில இருந்து அளக்காதீங்க, டயர் காத்து மாறுனா அளவு மாறிரும். வீலோட நடு மையத்துல இருந்து மேல ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் அளங்க.

மாட்டும்போது ஒரே ஒரு விஷயம்

மெக்கானிக் பெரும்பாலும் வண்டிய லிஃப்ட்ல தூக்கி, வீல் தொங்கிட்டு இருக்கும்போதே எல்லா போல்ட்டையும் இறுக்கிருவார். ஸ்ட்ரட் போல்ட்டுக்கு அது ஓகே. ஆனா லோயர் ஆர்ம் புஷ் போல்ட், பின்னாடி பீம் புஷ் போல்ட் இதையெல்லாம் லூஸ் பண்ணியிருந்தா, வண்டியோட எடை வீல் மேல உக்காந்த அப்புறம்தான் கடைசி இறுக்கு இறுக்கணும். அந்த புஷ்ல ரப்பர் இரும்போட ஒட்டியிருக்கும், சுத்தாது, முறுக்கும். தொங்கற நிலையில இறுக்கிட்டா வண்டி கீழ வந்ததும் ரப்பர் எப்பவுமே முறுக்குன நிலையிலயே நிக்கும், சீக்கிரம் கிழியும், அது தவிர வண்டி உயரமும் ஒரு பக்கம் தூக்கலா காட்டும், நீங்க ஸ்பிரிங் சரியில்லன்னு கம்பெனியத் திட்டிட்டு இருப்பீங்க. இன்னும் ஒரு விஷயம், புஷ் போல்ட்ட லூஸ் பண்ணாம ஸ்பிரிங் மட்டும் மாத்தியிருந்தாலும், புது உயரத்துல நின்னதுக்கு அப்புறம் அத ஒரு தடவ லூஸ் பண்ணி திரும்ப இறுக்கறது நல்லது. வண்டிக்கு அடியில நின்னு வேல பாக்கற பிட் (குழி) இருக்கற கடையா இருந்தா ஈஸி.

காயில்ஓவர் போடறவங்க உயரத்த முடிவு பண்ணிட்டுத்தான் அலைன்மென்ட்டுக்குப் போகணும். "இன்னும் ரெண்டு த்ரெட் எறக்கலாம்"னு அடுத்த வாரம் தோணுச்சுன்னா இந்த வாரம் குடுத்த காசு போச்சு. உயரத்த தொட்டா டோ மாறும், விதிவிலக்கே கிடையாது. முன்னாடி மட்டும் ரொம்ப எறக்கி மூக்கு குத்தி நிக்கற ஸ்டைலுக்கும் ஒரு விலை இருக்கு. ஸ்விஃப்ட்டோட வீல்பேஸ் 2450 எம்எம், பின்னாடிய விட முன்னாடி 25 எம்எம் கூட எறக்குனா மொத்த பாடியும் முன்னாடி அரை டிகிரிக்கு மேல சாயும், கேஸ்டர்லயும் அதே அளவு குறையும். ஹைவேயில ஸ்டீயரிங் லேசா மிதக்கற மாதிரி இருக்குன்னு சொல்றவங்க மொதல்ல இத பாருங்க.

ரெண்டு தடவ அலைன்மென்ட்

புது ஸ்பிரிங் ஓடி ஓடித்தான் செட்டில் ஆகும், அதனால சில நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு அலைன்மென்ட் பண்ணுங்கன்னு சொல்வாங்க. சரிதான், ஆனா அந்தச் சில நூறு கிலோமீட்டர தப்பான டோவோட ஓட்டுனா டயர் என்ன ஆகும்? அதனால மாட்டுன அன்னிக்கே டோ மட்டும் ஓரளவுக்குச் சரி பண்ணணும், அப்புறம் 300, 500 கிலோமீட்டர் கழிச்சு முழு அலைன்மென்ட். ரெண்டு தடவ சில நூறு ரூபா போகும், நாலு டயர் விலையோட வெச்சுப் பாத்தா அது ஒண்ணுமே இல்ல.

கடைக்குப் போக நேரமில்லன்னா மொத டோவ வீட்டுலயே பாக்கலாம். முன்பக்கம் ஜாக்கி போட்டு வீல கையால சுத்திக்கிட்டே டயர் நடுவுல ஒரு சாக்பீஸ் பூசி, அசையாம ஒரு ஆணி முனைய வெச்சு மெல்லிசா ஒரு கோடு இழுங்க, ரெண்டு டயர்லயும். வண்டிய எறக்குன உடனே அளக்காதீங்க, ஜாக்கில இருந்து எறங்குன வீல் உள்பக்கமா மடங்கி நிக்கும், வண்டிய கொஞ்ச தூரம் முன்ன பின்ன தள்ளி, பானெட்ட ரெண்டு அமுக்கு அமுக்கி உக்கார விடுங்க. ஸ்டீயரிங் நேரா இருக்கட்டும். இப்ப ஹப் உயரத்துல டயருக்கு முன்பக்கம் கோட்டுக்கும் கோட்டுக்கும் எவ்ளோ தூரம்னு ரெண்டு பேர் டேப் புடிச்சு அளங்க, அதே மாதிரி பின்பக்கமும். பின்பக்கம் அதிகமா இருந்தா டோ-இன், முன்பக்கம் அதிகமா இருந்தா டோ-அவுட். ரெண்டும் கிட்டத்தட்ட சமமா, இல்ல 1 எம்எம் டோ-இன்ல வர்ற வரைக்கும் ரெண்டு பக்க டை ராடையும் ஒரே அளவு சுத்துங்க. கால் சுத்து கால் சுத்தா போங்க, பல வண்டிகள்ல ஒரு முழு சுத்துக்கே ஒரு வீல் அரை டிகிரி பக்கமா திரும்பிரும். லாக் நட்ட இறுக்க மறக்காதீங்க. இது கடைக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் டயர காப்பாத்தத்தான், இதோட நிறுத்திக்கிட்டா ஸ்டீயரிங் சென்டரும் வராது, பின் வீலும் தெரியாது.

கடையில

மானடெக், ஜான் பீன், ஹண்டர்னு எந்த மெஷினா இருந்தாலும் பரவால்ல, மெஷின விட பண்ற ஆளு முக்கியம். போறதுக்கு முன்னாடி டிக்கில இருக்கற சாமான எறக்கிருங்க, நாலு டயர்லயும் காத்து சரியா வைங்க, டேங்க் பாதியாவது இருக்கட்டும். நல்ல ஆளுன்னா வீல்ல கிளாம்ப் மாட்டுன அப்புறம் வண்டிய முன்ன பின்ன தள்ளி ரன்அவுட் (ரிம், கிளாம்ப் கோணல்னால வர்ற தப்பு) எடுப்பார், முன் வீலுக்கு அடியில சுத்தற ப்ளேட்ட பூட்டி வெச்சிருக்கற லாக் பின்ன கழட்டுவார், ஸ்டீயரிங் லாக் போடுவார். இதெல்லாம் இல்லாம கிளாம்ப்ப மாட்டுன உடனே ஸ்பானர எடுத்தாருன்னா நன்றி சொல்லிட்டு கிளம்பிருங்க.

ஸ்க்ரீன்ல கேம்பர் சிவப்பு காட்டும். பயப்படாதீங்க, அந்த மெஷின்ல இருக்கறது கம்பெனி உயரத்துக்கான ஸ்பெக், உங்க வண்டி இப்ப அந்த உயரத்துல இல்ல. இங்கதான் பேச்சு ஆரம்பிக்கும்.

"சார், கேம்பர் அவுட்டு. கரெக்ஷன் பண்ணிரலாமா? தனி சார்ஜ்."

"எப்படிண்ணா பண்ணுவீங்க?"

"டூல் இருக்கு சார், ஜாக்கி வெச்சு லேசா வளைச்சா வந்துரும்."

இதுக்கு சரின்னு சொல்லிறாதீங்க. ஹைட்ராலிக் டூல வெச்சு ஸ்ட்ரட்ட வளைச்சு கேம்பர் கொண்டு வர்ற பழக்கம் நம்ம ஊர் கடைகள்ல ரொம்ப சகஜம். கம்பெனி ஸ்ட்ரட்டுக்கே அது நல்லதில்ல, நீங்க காசு போட்டு வாங்குன ஷாக்கையோ காயில்ஓவரையோ வளைச்சா உள்ள ராடு சீல்ல சைடா உரசி எண்ணெய் கசிய ஆரம்பிக்கும், வாரன்டியும் போச்சு. கேம்பர மாத்தணும்னா அதுக்கு வழி இருக்கு: ஸ்ட்ரட்டும் நக்கிளும் ரெண்டு போல்ட்ல சேர்ற வண்டிகள்ல, ஸ்விஃப்ட் அந்த வகைதான், ஒரு போல்ட்ட எடுத்துட்டு கேம்பர் போல்ட் போடலாம், அது நடுவுல கோணலா கடைஞ்ச போல்ட், சுத்துனா நக்கிள் உள்ள வெளிய நகரும், ஒரு டிகிரிக்கு மேலயே அட்ஜஸ்ட்மென்ட் கிடைக்கும். காயில்ஓவர்ல பலதுக்கு மேல்முனைய உள்ள வெளிய நகத்தற கேம்பர் ப்ளேட்டே வரும். ஃபோக்ஸ்வாகன் வண்டிகள் பலதுல ஸ்ட்ரட் நக்கிளுக்குள்ள சொருகி ஒரே போல்ட்ல புடிக்கற டைப், அதுக்கு இந்த போல்ட் செட் ஆகாது, சப்ஃப்ரேம லூஸ் பண்ணி ஒரு பக்கமா நகத்தி ரெண்டு பக்கமும் சமமாக்கறதோட திருப்திப்பட்டுக்கணும்.

அட்ஜஸ்ட் பண்ற வரிசை: பின் வீல்ல அட்ஜஸ்ட்மென்ட் இருந்தா அது மொதல்ல, அப்புறம் முன் கேம்பர், கடைசியா முன் டோ. கேம்பர தொட்டா டோ கூடவே மாறும், அதனால டோவ முடிச்சுட்டு கேம்பருக்குப் போறவர் வேலைய ரெண்டு தடவ பண்றார் இல்லன்னா தப்பா பண்றார்.

எவ்ளோ வைக்கச் சொல்லணும்? தினம் ஆபீஸ் போய் வர்ற, மாசத்துல ஒரு தடவ ஊருக்குப் போற வண்டிக்கு நான் சொல்றது இது. முன் கேம்பர் அரை டிகிரில இருந்து ஒன்றரை டிகிரி நெகட்டிவ் வரைக்கும் எங்க வேணா இருக்கட்டும், ஆனா இடது வலது வித்தியாசம் அரை டிகிரிக்குள்ள இருக்கணும், இல்லன்னா வண்டி ஒரு பக்கமா இழுக்கும். முன் டோ மொத்தமா பூஜ்யத்துல இருந்து 0.1 டிகிரி டோ-இன் வரைக்கும். கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் ட்ராக்ல ட்ராக் டே ஓட்டறவங்க ரெண்டு, ரெண்டரை டிகிரி கேம்பர் வைப்பாங்க, அத பாத்துட்டு அவினாசி ரோட்டு ட்ராஃபிக்ல ஓட்டற வண்டிக்கு வைக்காதீங்க. ப்ரின்ட் பாக்கும்போது ஒரு குழப்பம் வரும், சில மெஷின் டிகிரி-மினிட்ல காட்டும், சிலது தசமத்துல. 0°30' ன்னா 0.3 இல்ல, அரை டிகிரி. 0°06' தான் 0.1 டிகிரி. டோவ ஒரு வீலுக்கு சொல்றாங்களா மொத்தமா சொல்றாங்களான்னும் பாத்துக்கோங்க.

பின் வீல்

டார்ஷன் பீம் வண்டிக்கு பின்னாடி அட்ஜஸ்ட்மென்ட்டே கிடையாது, எறக்குனாலும் கேம்பர் பெருசா மாறாது, ரெண்டு வீலும் ஒரே பீம்ல இருக்கறதால. ரீடிங் எடுக்க மட்டும் மறக்காதீங்க. பின் வீல் ரெண்டும் சேந்து ஒரு பக்கமா பாத்துச்சுன்னா, அதான் த்ரஸ்ட் ஆங்கிள், வண்டி நண்டு நடக்கற மாதிரி லேசா கோணலாப் போகும், நேரா போக ஸ்டீயரிங்க திருப்பியே புடிக்க வேண்டியிருக்கும். ரொம்ப அவுட்டா இருந்தா ஸ்டப் ஆக்ஸிலுக்கும் (வீல் மாட்டற குட்டி அச்சு) பீமுக்கும் நடுவுல ஷிம்னு ஒரு மெல்லிசான தகடு போட்டு சரி பண்ணலாம்.

பழைய சிவிக், 2006-ல இங்க வந்த அந்த மாடல் மாதிரி பின்னாடி தனித்தனி ஆர்ம் இருக்கற வண்டியா இருந்தா கதையே வேற. எறக்குனா பின் கேம்பர் சடசடன்னு நெகட்டிவ்ல ஏறும், டோவும் சேந்து மாறும், உள்பக்கம் தேய்ஞ்ச பின் டயர் உறுமற சத்தத்த வீல் பேரிங் போயிருச்சுன்னு நெனச்சு பேரிங் மாத்துனவங்க நெறைய பேர். அதுக்கு அட்ஜஸ்டபிள் கேம்பர் ஆர்ம் கிடைக்குது, ஸ்பிரிங் பட்ஜெட்லயே அதையும் சேத்து வெச்சுக்கோங்க. எந்த வண்டியா இருந்தாலும் பின்னாடி டோ-அவுட் மட்டும் இருக்கக் கூடாது. மழையில வளைவுல ஆக்ஸிலரேட்டர விட்டா பின்பக்கம் சறுக்கிக்கிட்டு முன்னாடி வரப் பாக்கும்.

வண்டிய வெளிய எடுத்ததும்

அகலமான ரோடா, ட்ராஃபிக் இல்லாத நேரமா பாத்து 60-ல நேரா போங்க. ரோடு நடுவுல மேடா இருந்து ஓரத்துக்கு சரிவா இருக்கும், நாம இடது பக்கம் ஓட்டறதால லேசா இடது பக்கம் இழுக்கறது சகஜம், அதுக்காக கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க. வலது பக்கம் இழுத்தா, இல்ல ஸ்டீயரிங் கோணலா இருந்தா அங்கயே திரும்பிப் போங்க. சறுக்காம பாத்துக்கற இஎஸ்பி சிஸ்டம் இருக்கற வண்டில ஸ்டீயரிங் சென்டர் மாறியிருந்தா ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சார ஸ்கேனர் போட்டு ஜீரோ பண்ணணும், டேஷ்ல லைட் எரியறதுக்கு அதான் காரணமா இருக்கும். முன் கண்ணாடில கேமரா வெச்ச அடாஸ் (டிரைவருக்கு உதவற எலக்ட்ரானிக் சிஸ்டம்) வண்டிய எறக்குனா கேமரா பாக்கற கோணமும் மாறுது, சர்வீஸ் சென்டர்ல காலிப்ரேட் பண்ண ஒத்துப்பாங்களான்னு எறக்கறதுக்கு முன்னாடியே கேட்டுருங்க. ஹெட்லைட் உயரத்தையும் சுவத்துல அடிச்சு ஒரு தடவ சரி பாருங்க.

அப்புறம் ஸ்பீட் பிரேக்கர். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் கணக்குப்படி 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலத்துல மெதுவா ஏறி எறங்கணும். நம்ம தெரு ஆளுங்க ராவோட ராவா சிமென்ட் கொட்டி கட்டறது எந்தக் கணக்குலயும் வராது. ஸ்விஃப்ட்டோட க்ரவுண்ட் கிளியரன்ஸ் 163 எம்எம், அதுல 35 போனா மிச்சம் 128, நாலு பேரு ஏறுனா அதுவும் இல்ல. அடியில நல்லா ஒரு இடி வாங்குனா, குறிப்பா சப்ஃப்ரேம்லயோ லோயர் ஆர்ம்லயோ பட்டா, அடுத்த தவணைக்குக் காத்திருக்காம டோ செக் பண்ணிருங்க.

அஞ்சாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவ வீல முழுசா திருப்பி வெச்சு டயரோட உள்பக்கத்த டார்ச் அடிச்சுப் பாருங்க, உள்ளங்கையால குறுக்க தடவிப் பாருங்க. ஒரு பக்கம் தடவும்போது வழுவழுன்னும் எதிர்ப்பக்கம் வரும்போது ரம்பப் பல்லு மாதிரி சொரசொரன்னும் இருந்தா டோ போயிருச்சு. வழுவழுப்பா ஆனா உள் ஓரம் மட்டும் சரிவா தேஞ்சிருந்தா கேம்பர். முன்னாடி டயர பின்னாடி மாத்துனா மட்டும் உள் ஓரம் வெளிய வந்துராது, ரிம்ல இருந்து கழட்டி திருப்பி மாட்டுனாத்தான் வரும். டயர்ல இன்சைட் அவுட்சைட்னு எழுதியிருந்தா அத திருப்ப முடியாது, அம்புக்குறி போட்டிருந்தா திருப்பி மாட்டி அந்தப் பக்கத்து வீல எதிர்ப்பக்கம் போடணும். அதனால எறக்கப் போற வண்டிக்கு புது டயர் வாங்கும்போது ரெண்டும் இல்லாத சாதா பேட்டர்ன் டயரா கேட்டு வாங்குங்க.